மாதம் 1,000 ரூபாயா, 5,000 ரூபாயா?

காரைக்குடிப் பக்கம் பி.ஏ. வரலாறோ தமிழோ படிக்கிற பிள்ளைகளுக்கு இன்டர்ன்ஷிப் என்றதும் பஸ் காசுதான் முதல் கவலை. கைகொடுக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, தமிழக அரசின் புதுமைப்பெண் (மாணவிகளுக்கு), தமிழ்ப் புதல்வன் (மாணவர்களுக்கு) திட்டங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால், கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். இன்டர்ன்ஷிப்புக்கென்று தரும் பணம் இல்லைதான். ஆனால் எங்கே பயிற்சி எடுப்பது என்பது நம் கையில். கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் பழைய கணக்கேடுகளைப் பட்டியலிடலாம். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பவர்களின் பேச்சைப் பதிவு செய்யலாம். வீட்டுச் சாப்பாடு, பக்கத்து ஊர். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆவணப்படுத்தும் வேலை கொட்டிக் கிடக்கிறது.

அடுத்தது, 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம். அப்போது அறிவித்தபடி மாதம் 5,000, சேரும்போது ஒருமுறை 6,000 ரூபாய், 12 மாதம். அப்போதைய விதிப்படி வயது 21 முதல் 24; முழுநேரம் படிப்பவர்கள் சேர முடியாது. இடமும் பெரிய நிறுவனங்களில்தான். சென்னையில் கிடைத்தால் ஹாஸ்டலுக்கே பாதிக்கு மேல் போய்விடும்.

சரி, என்னைக் கேட்டால், படிக்கும்போது 1,000 ரூபாயோடு ஊரிலேயே பழகிவிட்டு, பட்டம் வாங்கியபின் பிரதமர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது: கோடை விடுமுறையில் இரண்டு மாதம் வெளியூர் ஆவணக்காப்பகத்தில் தங்கிப் பழக இவை இரண்டுமே போதாது. கோயிலும் பள்ளியும் கட்டிய நகரத்தார் (செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார்) அறக்கட்டளைகள் இதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.