மறியல் பந்தோபஸ்துக்கு வந்த பாலிகார்பனேட் (கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் கெட்டி பிளாஸ்டிக்) கேடயம்: மூன்று நட்சத்திரம்தான்
கல்லடியை நன்றாகவே தாங்குகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீக்கிரம் கீறல் விழுகிறது, எதிர்வெயில் அடித்தால் முன்னால் நிற்பவர் முகமே மங்கிவிடும். கிராமத்து போலீஸ் ஸ்டேஷன்காரனுக்கு அதுதான் பெரிய தொல்லை, ஏனென்றால் கூடுதல் படை வந்து சேரும்வரை நாலைந்து பேராக நின்றுகொண்டு, கூட்டத்தில் தெரிந்த பெரியவரைத் தேடிப் பிடித்து “ஐயா, ஆம்புலன்ஸுக்கு மட்டும் வழி விடச் சொல்லுங்க” என்று பேசித்தான் சமாளிக்கிறோம். கேடயத்தைத் தூக்கினாலே அந்தப் பேச்சு நின்றுபோகிறது. நாளைக்கு அதே ஆள் மாட்டைக் காணோம் என்று புகார் கொடுக்க நம்மிடம்தான் வருவார்! அப்புறம், கைப்பிடி வியர்வையில் வழுக்குகிறது. துடைக்க பெட்ரோல், தின்னர் வேண்டாம், வெடிப்பு விடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.