பி.டி.எஸ்.டி. கோச்: தவிப்பு நேரத்தில் கைகொடுக்கும் செயலி, உடலைக் கேட்க மறக்கிறது

மன அதிர்ச்சிக்குப் பின் வரும் மனஅழுத்த நோயோடு, அதாவது பி.டி.எஸ்.டி.யோடு, வாழ்பவர்களுக்காக அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் தேசிய பி.டி.எஸ்.டி. மையம், அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து 2011-இல் வெளியிட்ட கைபேசிச் செயலி ‘பி.டி.எஸ்.டி. கோச்’. பணம் கேட்பதில்லை, விளம்பரம் இல்லை, பெயர் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. இந்நோயைப் பற்றி வீட்டாரிடம்கூட வாய் திறக்கத் தயங்குகிறவர்கள் இருப்பதால், கடைசியாகச் சொன்ன வசதியையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

செயலியில் ஆகச் சிறந்தது, அந்தந்த நேரத்துத் தவிப்பைக் கையாளும் பகுதி. பழைய சம்பவத்தின் நினைவு, கோபம், தூக்கமின்மை, மனிதர்களிடமிருந்து விலகிப்போன உணர்வு என்று நீளும் பட்டியலில் ஒன்றைத் தொட்டால், தவிப்பின் அளவை 0 முதல் 10 வரை குறிக்கச் சொல்லி, மூச்சுப் பயிற்சி, தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, சுற்றியுள்ள பொருள்களில் கவனத்தை ஊன்றும் பயிற்சி போன்ற ஒன்றைத் தருகிறது; முடிந்ததும் மீண்டும் அளக்கச் சொல்கிறது. நமக்குப் பிடித்த படங்களையும் பாடல்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கெட்ட கனவு கண்டு நள்ளிரவில் விழித்தவருக்கு, எவ்வளவு நல்ல விளக்கக் கட்டுரையையும்விட இதுவே உதவும்.

ஆனால் பல ஆண்டுகளாக இந்நோயோடு இருப்பவருக்குச் சிக்கல் மனத்தோடு நிற்பதில்லை. ஆபத்தில்லாத வேளையிலும் ஆபத்துக்கு ஆயத்தமாகவே இருக்கும் உடலில், ஆபத்து வேளையில் சுரக்கும் நாரட்ரினலின் மிகுகிறது, நாடித்துடிப்பு உயர்கிறது, தூக்கம் ஆண்டுக்கணக்கில் அறுபடுகிறது. தவிப்பைத் தணிக்க நாடும் புகையும் மதுவும் தம் பங்குக்குக் கேடு செய்கின்றன. வியட்நாம் போர்க்காலத்தில் படையில் இருந்த இரட்டையர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோய் இருந்தவர்களில் 22.6 விழுக்காட்டினருக்கும் இல்லாதவர்களில் 8.9 விழுக்காட்டினருக்கும் இதயத் தமனி நோய் வந்திருந்தது. புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் அந்தத் தொடர்பு மறையவில்லை. அமெரிக்கச் செவிலியர்களை 22 ஆண்டுகள் தொடர்ந்து 2015-இல் வெளிவந்த ஆய்வோ, அறிகுறிகள் மிகுந்திருந்த பெண்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, அதிர்ச்சிக்கே ஆளாகாதவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது. அந்த வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதிக்கு உடற்பருமனும் மனச்சோர்வு மருந்துப் பயன்பாடுமே காரணம் காட்டின என்பதால், மருத்துவரின் கண்காணிப்பில் அடங்கக்கூடிய பங்கும் சிறிதல்ல. (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது.)

செயலியின் அறிகுறிக் கணக்கில் இவற்றுக்கெல்லாம் இடமில்லை. கடந்த மாதத்தைப் பற்றிய 20 வினாக்களுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுகிறோம்; 80-க்கு எவ்வளவு என்பது வரைபடமாக வளர்கிறது. உடலின் பக்கம் வரும் வினாக்கள் மிகச் சில: நினைவு தூண்டப்படும்போது நெஞ்சு படபடக்கிறதா, தூக்கம் கெடுகிறதா என்பன போன்றவை. இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, நாள்பட்ட வலி எதுவும் அதில் இல்லை. நோயின் அறிகுறிகளை அளக்கவே வகுக்கப்பட்ட வினாப்பட்டியலிடம் இதை எதிர்பார்ப்பது முறையல்லதான்; ஆயினும் மதிப்பெண் இறங்குவதைக் கண்டு உடலும் தேறிவிட்டதாக ஒருவர் நம்பிவிட நிறையவே வாய்ப்புண்டு. ஆண்டுக்கு ஒருமுறை இவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுமாறு ஒரு நினைவூட்டலைச் சேர்த்திருந்தால்கூடப் போதும்.

இது சிகிச்சைக்கு மாற்று அல்ல என்பதைச் செயலியே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட உளச் சிகிச்சையைப் பெற்றுக்கொண்டு, இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட நாள்களில் இதைப் பயன்படுத்துவதே பொருத்தம். வரைபடத்தை மருத்துவரிடம் காட்டும்போது இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். செயலி தமிழில் இல்லை. அதில் தரப்பட்டிருக்கும் அவசர உதவி எண்கள் அமெரிக்காவுக்கு உரியவை என்பதால், பிற நாட்டவர் நிறுவிய கையோடு தம் ஊர் உதவி எண்ணையும் நம்பிக்கைக்குரிய ஒருவரின் எண்ணையும் அதில் சேர்த்துவிட வேண்டும்.