ஷார்டு செய்த போஸ்ட்கிரெஸில் சிங்க்ரனஸ் லாஜிக்கல் ரெப்ளிகேஷன்: பல வருடம் ஓட்டிய அனுபவம்

எங்கள் பில்லிங் டேபிள்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் பல சர்வர்களில் ஷார்டுகளாக, அதாவது துண்டுகளாக, பிரிந்து கிடக்கின்றன. ஒரு சர்வர் சில ஷார்டுகளுக்கு முதன்மை, வேறு சிலவற்றுக்கு நகல். பிசிகல் ரெப்ளிகேஷன் மொத்த டேட்டாபேஸையும் அப்படியே நகலெடுக்கும் என்பதால், வேண்டிய டேபிள்களின் மாற்றங்களை மட்டும் அனுப்பும் லாஜிக்கலுக்குப் போனோம். ஒரு பில்கூடத் தொலையக் கூடாது, அதனால் சிங்க்ரனஸ்: நகலிலிருந்து பதில் வந்த பிறகுதான் கமிட் முடியும். வேகம் குறையும் என்றால் எல்லோரும் முதலில் நெட்வொர்க்கைத்தான் சந்தேகிப்பார்கள். நான் பார்த்தவரை நேரம் போவது வேறு இடங்களில்.

முதலில் பார்க்க வேண்டியது சப்ஸ்கிரிப்ஷனில் (நகல் சர்வர் மாற்றங்களைப் பெற வைக்கும் இணைப்பு) உள்ள சிங்க்ரனஸ்_கமிட் என்ற செட்டிங். அதன் டிஃபால்ட் 'ஆஃப்'. ஆனால் மாற்றங்களை அனுப்பும் சர்வரான பப்ளிஷரில் கமிட் கொடுத்தவர், மறுபக்கம் டிஸ்க்கில் எழுதியாகிவிட்டது என்று பதில் வரும்வரை காத்திருக்கிறார். 'ஆஃப்' என்றால் அங்கே உடனே எழுத மாட்டார்கள். பின்னணியில் ஓடும் ரைட்டர் எழுதும்வரை பொறுக்க வேண்டும். அதன் டிஃபால்ட் இடைவெளி 200 மில்லி செகண்ட். சரி, 'ஆன்' வைத்துவிடலாமே என்று தோன்றும். எங்களைப் போல இரு சர்வர்கள் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தால் அது ஆபத்து. வந்த மாற்றங்களை நகலில் எழுதும் அப்ளை வொர்க்கரே தன் கமிட்டுக்கு எதிர் சர்வரின் பதிலை எதிர்பார்க்கும், அதுவும் இதை எதிர்பார்க்கும், இரண்டும் நின்றுவிடக்கூடும். 'லோக்கல்' வையுங்கள்.

அடுத்தது பெரிய பேட்ச். பப்ளிஷரில் எத்தனை செஷன்கள் இணையாக கமிட் செய்தாலும், மறுபக்கம் ஒரு சப்ஸ்கிரிப்ஷனுக்கு ஒரே அப்ளை வொர்க்கர்தான், வரிசையாகத்தான் எழுதும். மாதக் கடைசியில் லட்சக்கணக்கான வரிகளை ஒரே அப்டேட்டில் மாற்றினால், பின்னால் வரும் சின்னச் சின்ன பில்களும் சேர்ந்து நிற்கும். அந்த நேரத்தில், எந்த செஷன் என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்தால் செஷன் செஷனாக 'சிங்க்ரெப்' (நகலின் பதிலுக்கான) காத்திருப்புதான் தெரியும். 14-ஆம் பதிப்பில் ஸ்ட்ரீமிங் வந்தும் எங்களுக்குப் பெரிதாகப் பயன் இல்லை. டேட்டா முன்கூட்டியே போய்ச் சேரும், அப்ளை ஆவது கமிட்டுக்குப் பிறகுதான். 16-இல் வந்த 'பேரலல்'தான் உண்மையான மாற்றம். வரவரத் தனி வொர்க்கர் எழுதிக்கொண்டே போகிறது. அப்படியும் பேட்ச்சைச் சிறு துண்டுகளாக உடைப்பதை நாங்கள் விடவில்லை.

சப்ஸ்கிரிப்ஷன்களை எக்கச்சக்கமாகக் கூட்டினாலும் சிக்கல்தான். ஒவ்வொன்றுக்கும் மாற்றங்களை அனுப்ப பப்ளிஷரில் ஒரு வால்சென்டர் ஓடும், அது சர்வரின் எல்லா மாற்றங்களும் பதிவாகும் டபிள்யூஏஎல் முழுவதையும் படிக்கும். தனக்கு வேண்டாத ஷார்டின் மாற்றங்களைப் படித்த பிறகுதான் தள்ளும். பப்ளிஷரின் சிபியு இதில்தான் கரையும். ஒரே சர்வருக்குப் போகும் ஷார்டுகளை ஒரே சப்ஸ்கிரிப்ஷனில் சேர்த்தோம், சிபியு இறங்கியது, அப்ளை வரிசை நீண்டது. எழுத்து அதிகமுள்ள ஷார்டுக்கு மட்டும் தனி சப்ஸ்கிரிப்ஷன் என்று முடித்தோம்.

அப்புறம், ஒரே ஒரு சிங்க்ரனஸ் நகலோடு புரொடக்‌ஷனுக்குப் போகாதீர்கள். அது விழுந்தால் எழுத்து மொத்தமும் நின்றுவிடும். பொறுமையிழந்து கேன்சல் கொடுத்தால் பரிவர்த்தனை ரத்தாகாது. லோக்கலில் கமிட் ஆகிவிட்டது, நகலுக்குப் போகாமல் இருக்கலாம் என்று எச்சரிக்கை வரும். ஆப் அதைப் பிழை என்று எடுத்து மறுபடி அனுப்பினால் ஒரே பில் இரண்டு முறை விழும். அதனால் இரண்டு நகல் வைத்து 'எனி 1' (ஏதாவது ஒன்று பதில் தந்தால் போதும்) என்று கொடுத்திருக்கிறோம், கூடவே ஒவ்வொரு பில்லுக்கும் யூனிக் எண்ணை ஆப் பக்கமே தருகிறது.