நியான் எழுத்தை அச்சில் பிடிக்க: சில்க் ஸ்கிரீனா, மெசோடின்டா?

1910-இல் பாரிஸில் ஜார்ஜ் குளோத் மக்களுக்குக் காட்டிய நியான் விளக்கின் செம்மஞ்சள், புதுச்சேரி நேரு வீதியின் அந்தியில் ஒரு பழைய கடையின் நெற்றியில் எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை உள்ளது உள்ளபடி அச்சோவியமாக்க எது சிறந்த வழி?

சில்க் ஸ்கிரீன் என்பது துணித்திரை வழியே மையை அழுத்தித் தாளில் இறக்கும் முறை. இதில் நிறத்துக்கு ஒரு திரை; எழுத்தைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. விளிம்பு கூர்மையாக விழும். இவ்வூரின் நீல எனாமல் தெருப்பலகைகளுக்கு அதுவே போதும்.

ஆனால் நியான் விளிம்போடு நிற்பதில்லை, சுவரிலும் கசிகிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவான மெசோடின்ட் இருளிலிருந்து தொடங்குகிறது. பல் வைத்த கருவியால் செப்புத் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கினால் அது எங்கும் மையைப் பிடித்துக்கொள்ளும்; அச்சு முழுக் கறுப்பு. தேய்த்து வழவழப்பாக்கிய இடத்தில்தான் வெளிச்சம் பிறக்கும். அந்திக்கு இதைவிடப் பொருத்தமான முறை உண்டா? எழுத்துகளாக வளைத்த நியான் குழாயில், ஓர் எழுத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் பகுதியைக் கறுப்புப் பூசி மறைத்திருப்பார்கள். அந்தப் பகுதிகூட இருளுக்குள் இருளாகத் தெரியும். அதை விட்டுவிட்டு வரைந்தால் அது நியானே அல்ல.

‘ழ’வைத் தகட்டில் இடவலம் மாற்றி எழுதுவது கடினம். செம்மஞ்சளுக்கு இன்னொரு தகடு வேண்டும். தகடும் விரைவில் தேய்ந்துவிடும். இருந்தும் என் தேர்வு மெசோடின்டே.