எடை மேடை மெட்ரிக்குக்கு எது தோது: ஸ்டாட்ஸ்டியா, புரோமிதியஸா, ஓப்பன்டெலிமெட்ரியா?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் எடை மேடை மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. குலை ஏற்றிய லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, காலியாகத் திரும்பும்போது ஒரு எடை, பிறகு டிக்கெட். வெட்டின குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள், அதனால் சாயங்காலமானால் வாசலில் லாரிகள் வரிசை கட்டிவிடும். அந்த நேரத்தில் டிக்கெட் அச்சாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எடைக் கருவியோடு இணைப்பு எத்தனை தடவை அறுகிறது, இதெல்லாம் (இந்த மாதிரி எண்களைத்தான் மெட்ரிக் என்கிறோம்) கோலாலம்பூரில் இருக்கும் சர்வருக்கு வந்து சேர வேண்டும். அதற்கு எந்த லைப்ரரியைப் (நிரலில் சேர்த்துக்கொள்ளும் தயார் நிரல் தொகுப்பை) போடுவது? இந்தத் தலைப்பில் வருகிற ஒப்பீடுகளில் பாதி, நெட்வொர்க் எப்போதும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதியவை. நமக்கு இருப்பது 4ஜி ரவுட்டர், இடி இடித்தால் கரண்ட் போகும், லைன் திரும்பி வர சில நாள் அரைப் பொழுது ஆகும்.

முதலில் ஸ்டாட்ஸ்டி. எட்ஸி நிறுவனம் 2011-இல் வெளியிட்டது, நோட் ஜேஎஸ்ஸில் எழுதிய சின்ன சர்வர். லைப்ரரி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான்: பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு, ஒரு செங்குத்துக் கோடு, வகைக்கு ஓரிரு எழுத்து, இதை யூடிபி என்ற அனுப்பும் முறையில் 8125 போர்ட்டுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஆலையில் ஓடுவது பழைய விபி6 (விஷுவல் பேசிக் 6) நிரல், அதற்கென்று இன்றைக்கு யாரும் லைப்ரரி எழுதப் போவதில்லை. ஆனால் ஒரு சாக்கெட்டைத் திறந்து ஒரு வரியை அனுப்ப விபி6-ஆலும் முடியும். யூடிபி பதிலுக்குக் காத்திருக்காது என்பது அதைவிட முக்கியம். மெட்ரிக் பற்றிப் பேசப் போனபோது அங்கிருந்த கிராணி (எழுத்தர்) சொன்னது, "தம்பி, நீங்க எதை வேணும்னாலும் எண்ணுங்க, டிக்கெட் மட்டும் நிக்கக் கூடாது." யூடிபி அந்த நிபந்தனைக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் ஒரு ஓட்டை உண்டு: சர்வரை ஐபியாகக் கொடுக்காமல் பெயராகக் கொடுத்தால், நோட் ஜேஎஸ்ஸில் ஒவ்வொரு அனுப்பலுக்கும் டிஎன்எஸ் தேடல் (பெயரை ஐபியாக மாற்றும் வேலை) நடக்கும். பைத்தானின் ஸ்டாட்ஸ்டி லைப்ரரி ஆரம்பத்திலேயே ஒரு தடவை தேடிக்கொள்கிறது, நல்லதுதான், ஆனால் கரண்ட் வந்து ரவுட்டருக்கு முன்னால் கணினி எழுந்துவிட்டால் நிரல் அந்த இடத்திலேயே எர்ரர் அடித்து நின்றுவிடும்.

இன்னொரு பொறி எடை மேடைக்காரர்களுக்கென்றே வைத்தது போல இருக்கும். மழைக்குப் பிறகு மேடையில் சேறு ஒட்டும், யாராவது அதோடு சேர்த்தே பூஜ்யம் வைப்பார்கள், அப்புறம் கழுவிவிட்டால் காலி மேடை மைனஸ் 20 கிலோ காட்டும். இந்த விலகலைக் கேஜ் (அந்த நேரத்து அளவைச் சொல்லும்) வகையில் அனுப்பலாம் என்று தோன்றும். ஸ்டாட்ஸ்டியில் கேஜ் மதிப்புக்கு முன்னால் குறி வந்தால் அது மதிப்பு அல்ல, "இருப்பதிலிருந்து 20 கழி" என்று பொருள். பத்து தடவை அனுப்பினால் மைனஸ் 200 ஆகிவிடும்! முதலில் 0 அனுப்பி, அப்புறம் மைனஸ் 20 அனுப்ப வேண்டும், அதுவும் ஒரே பாக்கெட்டில் இருந்தால் நல்லது. பைத்தான் லைப்ரரி இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. நாமே கையால் எழுதினால் நாம்தான் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது, மூல ஸ்டாட்ஸ்டி பாக்கெட்டில் நேரம் கிடையாது. சர்வருக்கு வந்த நொடிதான் அதன் நேரம். (கண்காணிப்புச் சேவை நிறுவனமான டேட்டாடாக் தன் நீட்டிப்பில் பின்னாளில் நேரத்தைச் சேர்த்தது, ஆனால் பழைய சர்வர்களுக்கு அது புரியாது.) ஆகவே லைன் அறுந்த நேரத்தில் பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பினால், மதியம் மூன்று மணிக்கு வந்த லாரிகள் எல்லாம் இரவு எட்டு மணிக்கு ஒரேயடியாக வந்த மாதிரி கிராப் ஏறும். சேர்த்து வைக்காவிட்டால் அந்த எண்கள் போனது போனதுதான், போனது என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

புரோமிதியஸ் இதை வேறு பக்கமிருந்து பிடிக்கிறது. சவுண்ட்கிளவுடில் 2012-இல் தொடங்கியது. நிரல் எதையும் அனுப்பாது, ஒரு பக்கத்தில் எண்களை எழுதி வைத்திருக்கும், சர்வர் வந்து படித்துக்கொண்டு போகும். எண்ணிக்கை எப்போதும் தொடக்கத்திலிருந்து கூட்டிய மொத்தம். நடுவில் நான்கு தடவை படிக்காமல் விட்டாலும் ஐந்தாவது தடவை மொத்தம் சரியாகவே இருக்கும், இடையில் ஏறிய விதம் மட்டும்தான் தெரியாது. தோட்டப்புற நெட்வொர்க்குக்கு இதைவிட நல்ல குணம் வேண்டியதில்லை. ஆனால் கோலாலம்பூரிலிருந்து யார் வந்து படிப்பது? 4ஜி லைனில் நமக்கென்று தனி பொது ஐபி பெரும்பாலும் கிடைக்காது, வெளியிலிருந்து உள்ளே வர வழி இல்லை. விபிஎன் போடலாம், அதையும் யாராவது பராமரிக்க வேண்டும்.

நிரல் அனுப்பும் எண்களை வாங்கி, புரோமிதியஸ் படிக்க வைத்திருக்கும் புஷ்கேட்வே இருக்கிறதே என்பார்கள். வேண்டாம். அது கடைசியாக வந்த எண்ணை நாம் அழிக்கும்வரை பிடித்து வைத்திருக்கும். ஆலைக் கணினி இடியில் கருகிப்போன பிறகும் சர்வரில் எல்லாம் நலமாகவே தெரியும்.

புரோமிதியஸ் பக்கம் போகிறவர்கள் லேபிளில் (மெட்ரிக்கோடு ஒட்டும் குறிப்பில்) லாரி எண்ணைப் போட ஆசைப்படுவார்கள், எந்த லாரிக்கு டிக்கெட் தாமதமாகிறது என்று பார்க்கலாமே என்று. ஒவ்வொரு புது லாரி எண்ணுக்கும் ஒரு புதுத் தொடர் (தனியாகச் சேமிக்கும் வரிசை) பிறக்கும், சிறுதோட்டக்காரர்களின் குலையை ஏற்றி எங்கிருந்தோ வரும் வாடகை லாரிகளையும் சேர்த்தால் சர்வரின் மெமரி ஏறிக்கொண்டே போகும். லாரி எண் லாகில் (நிகழ்வுப் பதிவில்) இருக்கட்டும், மெட்ரிக்கில் ஆலை, மேடை, வரவா போக்கா என்பது போதும்.

ஓப்பன்டெலிமெட்ரியை நான் சீக்கிரம் கடந்துவிடுகிறேன், கெட்டது என்பதால் அல்ல. 2019-இல் ஓப்பன்டிரேசிங், ஓப்பன்சென்சஸ் இரண்டும் ஒன்றாகிப் பிறந்தது. டிரேஸ் (ஒரு வேலை கடந்து வந்த பாதை), லாக், மெட்ரிக் மூன்றையும் ஒரே வழியில் அனுப்பும், மெட்ரிக் என்றால் வழக்கமான அமைப்பில் 60 நொடிக்கு ஒரு தடவை, போர்ட் 4317 அல்லது 4318. தானே அனுப்புவதால் பொது ஐபி தொல்லை இல்லை. டாட்நெட்டில் புதிதாக எழுதுகிறவர்கள் தைரியமாக எடுக்கலாம். ஆனால் லேசான லைப்ரரி என்று இதைச் சொன்னால் சிரிப்பு வரும், லாரி எண்ணுவதற்கு அத்தனை பாக்கேஜா? அதோடு, லைன் அறுந்தால் டிஸ்க்கில் சேர்த்து வைக்கக் கலெக்டர் என்ற இன்னொரு நிரலைப் பொதுவாக அங்கேயே ஓட்ட வேண்டியிருக்கும்.

எப்படியும் இன்னொரு நிரல் ஆலையில் ஓட வேண்டும் என்றால், லைப்ரரியைப் பற்றிய சண்டை பாதி தீர்ந்துவிடுகிறது. லைன் இல்லாதபோது எண்ணை யார் வைத்துக்கொள்வது என்பதுதான் மீதி. என் தேர்வு இது: விபி6 நிரல் ஸ்டாட்ஸ்டி வரியை அதே அறையில் இருக்கும் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டிக்கு அனுப்பட்டும், ஒரே சுவிட்ச் வழியாகப் போகும் யூடிபி அபூர்வமாகத்தான் தொலையும். பெட்டியில் ஸ்டாட்ஸ்டி எக்ஸ்போர்ட்டர் அதை வாங்கிப் புரோமிதியஸ் முறையில் கூட்டிய மொத்தமாக மாற்றும். புள்ளி வைத்த பெயர்களை லேபிளாகப் பிரிக்க ஒரு மேப்பிங் ஃபைல் எழுத வேண்டும், அது எரிச்சல் பிடித்த வேலை, ஒரு தடவைதான். அங்கேயே விஎம்ஏஜென்ட் (விக்டோரியாமெட்ரிக்ஸ் என்ற மெட்ரிக் சேமிப்பு மென்பொருளைச் சேர்ந்த சின்ன நிரல்) அதைப் படித்து, நேரத்தோடு கோலாலம்பூருக்குத் தள்ளும்.

விஎம்ஏஜென்ட்டுக்குப் பதில் புரோமிதியஸின் ஏஜென்ட் மோடும் (படித்து அனுப்ப மட்டுமான அமைப்பு) உண்டு, ஆனால் மறுமுனை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்காவிட்டால் அனுப்பாத எண்களை விட்டுவிடும். விஎம்ஏஜென்ட் டிஸ்க்கில் வரிசையாக அடுக்கி வைக்கும், எவ்வளவு இடம் என்று நாமே வரம்பு வைக்கலாம். வரம்பு வைக்காமல் விடாதீர்கள், சின்னப் பெட்டியில் இருக்கும் டிஸ்க்கும் சின்னதுதான்.

சர்வரில் விக்டோரியாமெட்ரிக்ஸ் இருந்தால் அரை நாள் பழைய எண்ணைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். புரோமிதியஸையே வைத்திருந்து, வேறு ஆலைகளின் எண்களும் அங்கே வந்துகொண்டிருந்தால், நம்முடையது ரொம்பப் பழசு என்று தள்ளிவிடும். பழைய எண்ணை எவ்வளவு நேரம் வரை ஏற்கலாம் என்று சொல்லும் அமைப்பு 2022-இல் வந்த 2.39 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது, நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும். அதை ஒரு நாளுக்காவது வைத்துவிட்டு, ரவுட்டரின் கேபிளைப் பிடுங்கி மூன்று மணி நேரம் கழித்துச் செருகிப் பாருங்கள்.