ஒற்றை நாற்று நடவும் வழக்கமான நடவும்

எங்கள் உழவர் மன்றத்தார் தஞ்சைப் பகுதியில் உறுப்பினர் ஒருவரின் நிலத்தைப் பார்க்கச் சென்றபோது, அடுத்தடுத்த வயல்களில் இரு முறைகளிலும் அவர் நெல் நட்டிருந்ததால் ஒப்பிடுவது எளிதாயிற்று. வழக்கமான நடவில் ஏக்கருக்கு 25 முதல் 30 கிலோ விதை செலவாகிறது. திருந்திய நெல் சாகுபடி எனப்படும் ஒற்றை நாற்று முறையிலோ 14 நாள் நாற்றை 25 சென்டிமீட்டர் சதுர இடைவெளியில் ஒற்றையாக நடுவதால் 3 கிலோவே போதும். கோனோவீடர் என்னும் உருளைக் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்கும் உருட்டும்போது களைகள் சேற்றில் அமிழ்ந்து மட்குவதோடு, வேருக்குக் காற்றும் கிடைத்துத் தூர்கள் (பக்கக் கிளைப்புகள்) பெருகுகின்றன. வடிகால் இல்லாத பள்ள வயலில் மழைநீர் தேங்கினால் இளநாற்று அழுகிவிடும் என்பதால், அங்கே வழக்கமான நடவையே நான் பரிந்துரைப்பேன். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது மண் காய்ந்தபின் மறுபடி பாய்ச்சி, நீர்விடக்கூடிய வயலுக்கு ஒற்றை நாற்றே ஏற்றது. ஆனால், இளநாற்றைப் பதமாக நடப் பழகிய ஆட்கள் கிடைப்பதுதான் பெரும்பாடு என்று அவர் வருந்தினார். எங்களில் பலருக்கும் அதே கவலைதான்.