"எங்க கார்டுல கட்டிடறோம், நீங்க ஜிபே பண்ணிடுங்க" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

இரவு பதினொன்றரைக்கு எழுதுகிறேன். சாயங்காலம் கோவையிலிருந்து வந்ததிலிருந்து வீட்டில் யாரும் யாரிடமும் பேசவில்லை. தங்கச்சி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவள் விசா விஷயத்தில் ஏமாந்த தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் பாதியில் விட்டுவிடுவேன்: 2,48,000 ரூபாய்.

மாணவர் விசா எப்படி எடுப்பது, எங்கெல்லாம் கவனமாக இருக்க வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்ப்போம்.

தங்கச்சிக்கு இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி. இடம் கிடைத்தது. லண்டன் இல்லை, வடக்கே ஓர் ஊர். அவள் மார்க்குக்கும் ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் கிடைத்த இடம், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாங்கள் போய் உட்கார்ந்த இடம்தான் தப்பு. கோவை காந்திபுரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையம். இரண்டாவது மாடி, கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பிள்ளைகளின் படங்கள். அதில் தங்கச்சியின் கல்லூரித் தோழி ஒருத்தியும் இருந்தாள். அவள் உண்மையாகவே போய்ப் படித்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் நம்பினோம். பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கும்போது பொதுவில் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குத் தறி. பணம் என் பெயரில்தான் இருந்தது. ஒன்பது வருடமாகத் திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, அதில் சேர்த்ததும் பல்லடம் பக்கம் வாங்கிப்போட்டிருந்த மனையை விற்றதும் சேர்த்து 26 லட்சம் எஃப்டியில் கிடந்தது. ஏப்ரலில் போன முதல் நாளே கேட்டேன்: பணம் என் பெயரில் இருக்கிறது, அப்பா பெயருக்கு மாற்ற வேண்டுமா?

"அதெல்லாம் வேண்டாங்ணா. அண்ணன்னா ரத்த சொந்தம்தானுங்களே. ஒரு ஸ்பான்சர் லெட்டர் நோட்டரி பண்ணி வெச்சுக்கலாம்."

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேட்டேன். அதே பதில். இந்த முறை சிரிப்பும் சேர்ந்து வந்தது, "நாங்க எத்தனை ஃபைல் பார்த்திருக்கோம்" என்று. கல்விக் கடன் வாங்கலாமா என்று கேட்டதற்கு, "லோன் லெட்டர் வெச்சா டவுட் பண்ணுவாங்க" என்றார்கள். இரண்டுமே தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஃபைல் சார்ஜ் என்று 45,000 வாங்கினார்கள். பிள்ளை சேர்ந்தால் இந்த மையங்களுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுக்கும் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. ரசீது கேட்டேன். "சிஸ்டம்ல அப்டேட் ஆனதும் மெயில் வரும்" என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

ஜூலை முதல் வாரம் சேர்க்கைக்கான சிஏஎஸ் எண் வந்தது. சென்னையில் அங்கீகரிக்கப்பட்ட கிளினிக்கில் காசநோய் பரிசோதனையும் முடிந்திருந்தது. விண்ணப்பம் போடுகிற நாள் தங்கச்சியோடு நானும் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் அந்த ஆபீஸ் பெண் உட்கார்ந்திருந்தாள், நாங்கள் எதிர்ப்பக்கம். திரை எங்களுக்குத் தெரியாது. தங்கச்சி பெயரில் புதிதாக ஒரு மெயில் ஐடி உருவாக்கினாள். "உங்க பர்சனல் மெயில்ல ஸ்பேம்ல போயிடும், நாங்களே ஃபாலோ பண்ணிக்கிறோம்." ஓடிபி தங்கச்சியின் போனுக்கு வந்தது, இவள் படித்துச் சொன்னாள். இந்த ஓடிபியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பணம் கட்டும் பக்கம் வந்தது. விசா கட்டணம் அப்போது (2025இல்) 524 பவுண்டு. அதோடு ஐஎச்எஸ் என்கிற சுகாதாரக் கட்டணம், அந்த நாட்டு அரசு மருத்துவச் சேவைக்காக முன்கூட்டியே வாங்குவது. மாணவர்களுக்கு வருடத்துக்கு 776 பவுண்டு. படிப்பு ஒரு வருடம் என்றாலும் விசா அதற்கு மேல் நான்கு மாதம் நீளும் என்பதால் ஒன்றரை வருடக் கணக்காக 1,164 பவுண்டு. நான் பர்ஸிலிருந்து என் கார்டை எடுத்தேன். மேசைமேல் வைத்தும் விட்டேன்.

உரிமையாளரே உள் அறையிலிருந்து எழுந்து வந்தார். "உங்க கார்டு இன்டர்நேஷனல் பேமென்ட் எடுக்காதுங்ணா, பாதியில ஃபெயில் ஆனா அப்ளிகேஷனே லாக் ஆயிடும். எங்க கார்டுல கட்டிடறோம், நீங்க ஜிபே பண்ணிடுங்க."

கார்டைத் திரும்ப எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அந்த ஒரு நொடிதான். தினமும் வெளிநாட்டு பையர்களோடு பேசி, எல்சி, டிடி என்று வங்கிப் பேப்பர் பேப்பராகப் பார்க்கிறவன் நான். யார் கணக்கிலிருந்து பணம் போனதோ அங்கேதான் திரும்பும் என்பது என் வேலையிலேயே தினம் பார்க்கிற விஷயம். தங்கச்சி படிப்பு என்றதும் மூளை எங்கே போனதோ தெரியவில்லை. 2,03,000 என்றார்கள். ஜிபே லிமிட் காரணமாக மூன்று நாளாகப் பிரித்து அனுப்பினேன். அனுப்பும்போது கம்பெனி பெயர் வரவில்லை, ஏதோ ஒரு பெண்மணியின் பெயர் வந்தது. "சாரோட வைஃப் அக்கவுன்ட்" என்றார்கள். சரி என்று அனுப்பினேன்.

45,000, 2,03,000. கூட்டிக்கொள்ளுங்கள், 2,48,000.

ஜூலை 15 விசா விண்ணப்ப மையமான விஎஃப்எஸ்ஸில் கைரேகை கொடுத்தாள். வெளிநாட்டிலிருந்து போடும் மாணவர் விண்ணப்பத்துக்குப் பொதுவாக மூன்று வாரத்தில் முடிவு வந்துவிடும். ஆகஸ்ட் முதல் வாரம் கேட்டேன்: "பீக் சீசனுங்ணா." இரண்டாவது வாரம்: "உங்க ஃபைல் ப்ராசஸ்ல இருக்கு, நாங்க எஸ்கலேட் பண்ணியிருக்கோம்." மூன்றாவது வாரம் போன் எடுக்கவில்லை, வாட்ஸ்அப்பில் நீலக்குறி மட்டும். நான்காவது வாரம்: "சார் மீட்டிங்ல இருக்கார்." அந்த மாதிரி மீட்டிங் நடத்தினால் அம்பானிக்கே அலுத்துவிடும். வகுப்பு தொடங்கும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, அம்மா பருப்புப்பொடி அரைத்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 29 ராத்திரி தங்கச்சிக்குத்தான் தோன்றியது. அந்த மெயில் ஐடியில் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று கொடுத்தாள். ஓடிபி அவள் போனுக்கே வந்தது. உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 6ஆம் தேதியே விசா மறுக்கப்பட்டிருக்கிறது. மெயிலைத் திறந்து படித்துமிருக்கிறார்கள். 23 நாள் எங்களிடம் "ப்ராசஸ்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

காரணம் ஒரே பத்தி. காட்டிய வங்கிக் கணக்கு விண்ணப்பதாரர் பெயரிலும் இல்லை, பெற்றோர் பெயரிலும் இல்லை. அவ்வளவுதான். பணம் போதவில்லை என்றோ, ஆவணம் போலி என்றோ சொல்லவில்லை. படிக்கப் போகிறவர் கணக்கு, பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கணக்கு, கூடவே விண்ணப்பிக்கிற அல்லது ஏற்கெனவே அனுமதியோடு அங்கே இருக்கிற கணவன் அல்லது மனைவி கணக்கு, இவைதான் செல்லும். அண்ணன் கணக்கு செல்லாது. பெரியப்பா, மாமா, சித்தி யாருடையதும் செல்லாது, எத்தனை நோட்டரி வைத்தாலும். பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் அவர்கள் சம்மதக் கடிதமும் வேண்டும். பாக்கியிருக்கும் படிப்புக் கட்டணமும், ஒன்பது மாதம் அங்கே வாழ்வதற்கான செலவும் (2025 ஜூலையில் லண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுண்டு வீதம் 10,224 பவுண்டாக இருந்தது, லண்டன் என்றால் மாதம் 1,483) தொடர்ந்து 28 நாள், ஒரு நாள்கூடக் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாளின் கடைசி நாள் விண்ணப்பத்துக்கு 31 நாளுக்குள் இருக்க வேண்டும். முறையான கல்விக் கடன் கடிதமும் செல்லும், அதற்கு இந்த 28 நாள் கணக்கே கிடையாது. இதெல்லாம் ரகசியம் இல்லை, பிரிட்டன் அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது. அன்று ராத்திரி ஒன்றரை மணி நேரத்தில் நானே படித்துவிட்டேன். ஏப்ரலில் அந்த ஒன்றரை மணி நேரத்தைச் செலவழித்திருந்தால், எஃப்டியை உடைத்து அப்பா கணக்கில் போட்டு ஜூலைக்குள் இரண்டு தடவை 28 நாள் ஆகியிருக்கும்.

மறுநாள் நேரே போனேன். "அண்ணன் அக்கவுன்ட்னு நீங்கதானுங்க கொடுத்தீங்க" என்றார் உரிமையாளர். என் முகத்தைப் பார்த்தே சொன்னார். முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி 28 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம், இன்னும் நான்கு நாள் இருக்கிறது, 25,000 கொடுங்கள் என்றார். அதற்கு அரசுக் கட்டணம் 80 பவுண்டு, பத்தாயிரம்கூட வராது. தவிர அது அதிகாரி தப்புப் பண்ணியிருந்தால் கேட்பதற்கு. இங்கே அதிகாரி சரியாகத்தான் செய்திருக்கிறார். கொடுத்திருந்தால் 2,73,000 ஆகியிருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். விசா மறுக்கப்பட்டால் விண்ணப்பக் கட்டணம் போனது போனதுதான். ஆனால் ஐஎச்எஸ் கட்டணம் திரும்பி வரும். நாம் கேட்கக்கூட வேண்டாம், வழக்கமாக ஆறு வாரத்துக்குள் அவர்களே அனுப்பிவிடுகிறார்கள், எந்தக் கார்டிலிருந்து கட்டப்பட்டதோ அந்தக் கார்டுக்கு. 1,164 பவுண்டு, எங்கள் கணக்கில் சுமார் 1,40,000 ரூபாய், அவர் கார்டுக்கு.

கேட்டேன். முதல் நாள், "ஐஎச்எஸ் ரீஃபண்டே கிடையாதுங்ணா." போனில் இணையதளத்தைத் திறந்து காட்டினேன். "ஓ, இன்னும் எங்களுக்கு கிரெடிட் ஆகலை." அடுத்த வாரம், "அந்த கார்டு பிளாக் ஆயிடுச்சு." அதற்கடுத்து, "அது பார்ட்னர் கார்டு, அவர் துபாய்ல இருக்கார்." இன்றைக்குப் போனபோது புதுசு: "அது எங்க சர்வீஸ் சார்ஜ்ல அட்ஜஸ்ட் ஆயிடுச்சு." என்ன சர்வீஸ்? 23 நாள் மெயிலை ஒளித்து வைத்த சர்வீஸா? கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். முன் அறையில் ஒரு அப்பாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள், அப்பா மடியில் மஞ்சள் பை. ஆபீஸ் பெண் ஓடிப்போய் நடுவிலிருந்த கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

ஒன்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு 5,000 பவுண்டு முன்பணம் கட்டியிருந்தோம். அதை மட்டும் நான் என் வங்கியிலிருந்து நேரடியாக அனுப்பியிருந்தேன். மறுப்புக் கடிதத்தை மெயிலில் அனுப்பினோம், ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள், கொஞ்சம் பிடித்தம் போக என் கணக்குக்கே வந்துவிட்டது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவன் திருப்பிக் கொடுக்கிறான், காந்திபுரத்தில் இருப்பவன் கொடுக்க மாட்டேன் என்கிறான்.

இனி அவள் எந்த நாட்டுக்கு விண்ணப்பம் போட்டாலும், முன்பு விசா மறுக்கப்பட்டதா என்று கேட்கும் இடத்தில் ஆம் என்றுதான் எழுத வேண்டும். மறைத்தால் அது வேறு பெரிய சிக்கல். அதற்கு எந்த ரீஃபண்டும் இல்லை.

நிறைய எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. உங்கள் மெயில் ஐடி, உங்கள் போன் நம்பர், உங்கள் கார்டு. வேறு யாருடையதும் வேண்டாம். உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பேமென்ட் வேண்டுமென்றால் வங்கி ஆப்பிலேயே ஆன் செய்யலாம், இரண்டு நிமிட வேலை. விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் முழுதாக பிடிஎஃப் எடுத்துப் படியுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதிலும் பதிந்திருக்கிறேன், இன்று காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கியிருக்கிறேன். 2,48,000இல் எவ்வளவு வரும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. சிஏஎஸ் வந்த அன்று தங்கச்சி கையில் பூங்கொத்தைக் கொடுத்து ஒரு படம் எடுத்தார்கள். அது இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது, இன்ஸ்டாகிராமிலும் இருக்கிறது, கீழே விசா அப்ரூவ்டு என்று போட்டு. எடுக்கச் சொன்னதற்கு டிசைனர் லீவு என்கிறார்கள். கோவையில் எங்காவது அந்தப் படத்தைப் பார்த்தால், ஊதா சுடிதார், மஞ்சள் ரோஜாப் பூங்கொத்து, தயவுசெய்து நம்பாதீர்கள். அவள் இங்கே பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறாள்.